சுவரில் ஒரு கரும்பலகை: ஜெயந்த் நார்லிகரின் வாழ்வும் பணியும்



அறிவியலை மக்களிடம் கொண்டு சென்ற ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை இந்த மேடைக்கு அழைத்தபோது, யாரைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. 2025 மே 20 அன்று புனே நகரில் தம் 86ஆம் வயதில் மறைந்த ஜெயந்த் விஷ்ணு நார்லிகர்தான் என் நினைவுக்கு வந்தார். வானியற்பியலில் உலக அளவில் பேசப்பட்டவர், மராத்தியில் கதை எழுதியவர், பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அஞ்சலட்டையில் பதில் போட்டவர். இந்த மூன்றையும் தனித்தனித் திறமைகளாகப் பட்டியலிடுவதே வழக்கமாக இருக்கிறது. மூன்றும் ஒரே பழக்கத்தின் கிளைகள் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பழக்கம் காசியில், அவர் வளர்ந்த வீட்டின் சுவரில் தொடங்கியது.

நார்லிகர் பிறந்தது கோலாப்பூரில், 1938 ஜூலை 19 அன்று. வளர்ந்தது காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில். தந்தை விஷ்ணு வாசுதேவ நார்லிகர் அங்கே கணிதப் பேராசிரியர், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஆய்வு செய்தவர். தாயார் சுமதி சமஸ்கிருதம் கற்றவர். வீட்டுச் சுவரில் பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்காகக் கரும்பலகை பதித்திருந்தார்கள். எம்.எஸ்ஸி. படிக்க வந்து அந்த வீட்டில் தங்கியிருந்த மோரு மாமா, மருமகனுக்குக் கணக்கில் ஆர்வம் இருப்பதைக் கவனித்தார். ஒரு நாள் பலகையில் 'ஜே.வி.என்.னுக்கு ஒரு சவால்' என்று தலைப்பிட்டு ஒரு கணக்கை எழுதி வைத்தார். பையன் விடை கண்டுபிடிக்கும்வரை, அல்லது தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும்வரை, அந்தக் கணக்கு அழிக்கப்படாது. காலையில் பல் தேய்க்கும்போதும், பள்ளி விட்டு வந்து பையை இறக்கும்போதும் அது அங்கேயே நிற்கும்.

இதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே மதிப்பெண் கிடையாது, அடி கிடையாது, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதும் கிடையாது. பாடப்புத்தகத்தில் உள்ள கணக்காகவும் அது இருக்காது. பெரியவர் ஒருவர் சிறுவனைத் தனக்குச் சமமாக மதித்து, 'இதைப் போட்டுப் பார்' என்கிறார். அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிட நல்ல கற்பிக்கும் முறையை நான் கண்டதில்லை. நார்லிகரும் பிற்காலத்தில் தம் இளமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

1957இல் காசியில் பட்டம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். தந்தையைப் போலவே அங்கே கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறி 'ராங்க்ளர்' ஆனார். 1960இல் ஃப்ரெட் ஹாயிலிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இந்த ஹாயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விண்மீன்களின் உள்ளே தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று காட்டியவர்களில் முதன்மையானவர் அவர். கூடவே வானொலியில் பேசினார், அறிவியல் புனைகதையும் எழுதினார். பேரண்டம் ஒரு கணத்தில் வெடித்துப் பிறந்தது என்ற கருத்தை ஏற்காதவர். 1949இல் பி.பி.சி. வானொலியில் பேசும்போது அந்தக் கருத்துக்கு 'பிக் பேங்' என்று பெயரிட்டவரே அவர்தான். நாம் இன்று பெருவெடிப்பு என்று சொல்வது, அதை மறுத்தவர் வைத்த பெயரின் தமிழ் வடிவம்.

ஹாயில், பாண்டி, கோல்ட் ஆகிய மூவரும் 1948இல் வேறொரு சித்திரத்தை முன்வைத்திருந்தார்கள். பேரண்டம் விரிகிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் விரியும்போது உண்டாகும் இடைவெளியில் மெல்ல மெல்லப் புதிய பருப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது, எனவே எந்தக் காலத்தில் பார்த்தாலும் பேரண்டம் ஒரே மாதிரிதான் தெரியும், அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை என்றார்கள். இதுவே மாறாநிலைக் கொள்கை.

1961இன் தொடக்கத்தில் இந்தக் கொள்கைக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. அதே கேம்பிரிட்ஜில் ரேடியோ வானியல் ஆய்வு நடத்திவந்த மார்ட்டின் ரைல், வானில் ரேடியோ அலைகளை உமிழும் மூலங்களை எண்ணிப் பார்த்தார். மங்கலாகத் தெரியும் தொலைதூர மூலங்கள் மாறாநிலைக் கொள்கை எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாக இருந்தன. தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. அப்படியானால் பழைய பேரண்டம் இன்றைய பேரண்டத்தைப் போல இருக்கவில்லை. இந்த முடிவைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவித்தார்கள். ஹாயிலையும் மேடைக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். என்ன அறிவிக்கப் போகிறார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

அடுத்து ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிய விவாதம் வந்தது. ஹாயிலும் நார்லிகரும் உட்கார்ந்து ஒரு பதிலைத் தயார் செய்தார்கள். விண்மீன் மண்டலங்கள் வானில் சீராகப் பரவாமல் மிகப் பெரிய கொத்துகளாகச் சேர்ந்திருந்தால், இந்த எண்ணிக்கைகளுக்கு மாறாநிலைக் கொள்கைக்குள்ளேயே விளக்கம் தர முடியும் என்பது அந்தப் பதில். கூட்டத்து நாளில் ஹாயிலுக்கு வேறிடத்தில் சொற்பொழிவு இருந்தது. 'நீயே போய்ப் பேசு' என்று மாணவரை அனுப்பிவிட்டார். ஆய்வில் முதல் ஆண்டு, வயது இருபத்திரண்டு. எதிரே மார்ட்டின் ரைல், பின்னாளில் நோபல் பரிசு பெறப்போகிறவர். நார்லிகர் எழுந்து நின்று பேசினார், கேள்விகளுக்கும் பதில் சொன்னார். இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்கள் அந்த இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கட்டும். மாணவரை நம்பி அனுப்பிய ஆசிரியரின் மனத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும். மோரு மாமாவுக்குப் பிறகு அவருக்கு வாய்த்த இரண்டாவது மாமா ஹாயில் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1964இல் ஹாயிலும் நார்லிகரும் சேர்ந்து ஒரு புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை ராயல் சொசைட்டியில் முன்வைத்தார்கள். ஒரு பொருளின் நிறை அதனுள்ளேயே அடங்கிய தனிச்சொத்து அல்ல, பேரண்டத்தில் உள்ள மற்ற எல்லாப் பருப்பொருளோடும் அதற்குள்ள உறவால் வருவது என்பது அதன் மையக் கருத்து. எர்ன்ஸ்ட் மாக் என்ற தத்துவ அறிஞரின் பழைய சிந்தனைக்கு அவர்கள் கணித உருவம் கொடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. மறு ஆண்டே இந்திய அரசு நார்லிகருக்குப் பத்ம பூஷண் அளித்தது. அப்போது வயது 26. அந்த நாட்களில் அவர் இந்தியா வந்தபோது, கிரிக்கெட் வீரருக்குக் கூடுவது போல அவருடைய உரைகளுக்குக் கூட்டம் கூடியது. விடுதலை பெற்று இருபது ஆண்டுகூட ஆகாத நாடு, நம் பிள்ளை ஒருவன் ஐன்ஸ்டைனோடு வாதாடுகிறான் என்று பூரித்துப்போனது.

ஆனால் அதே 1965இல்தான் பென்ஸியாஸ், வில்சன் இருவரும் வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த செய்தி வெளியானது. வெப்பமான தொடக்கம் ஒன்று இருந்ததற்கான தடயமாகப் பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்றார்கள். மாறாநிலைக் கொள்கை அன்றோடு ஓரத்துக்குப் போயிற்று. நார்லிகர் மனம் மாறவில்லை. 1993இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவருடன் சேர்ந்து அந்தக் கொள்கையைத் திருத்தி மறுபடி முன்வைத்தார். அதையும் பெரும்பாலானோர் ஏற்கவில்லை.

இந்த இடத்தை மழுப்பிக் கடக்க நான் விரும்பவில்லை. நம் கையில் இன்றுள்ள சான்றுகள் பெருவெடிப்பின் பக்கமே வலுவாக நிற்கின்றன. என் கணிப்பில் இந்த வழக்கில் நார்லிகர் தோற்றார். ஆனால் எப்படித் தோற்றார் என்று பாருங்கள். அவர் எழுதிய அண்டவியல் பாடநூல் 1983இல் வெளிவந்தது. தாம் ஏற்காத பெருவெடிப்பு மாதிரியை மாணவர் ஐயமறக் கற்கும்படி அதில் முறையாக விளக்கியிருக்கிறார். எதிராளியின் கட்சியை அவரைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு 'என் ஐயம் இது' என்று சொல்லும் நேர்மை அது. நம் மேடைகளில், அரசியல் மேடையாகட்டும் இலக்கிய மேடையாகட்டும், இந்த நேர்மை எவ்வளவு அரிது என்று உங்களுக்குத் தெரியும். விடை தெரிந்துவிட்டது என்று ஊரே சொன்னாலும் தமக்கு நிறைவு வராதவரை கணக்கைப் பலகையிலிருந்து அழிக்க அவர் சம்மதிக்கவில்லை.

1972இல் ஹாயில் கேம்பிரிட்ஜை விட்டு விலகினார். அதே ஆண்டில் நார்லிகர் இந்தியாவுக்குத் திரும்பி, மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 34 வயது, கிங்ஸ் கல்லூரியின் ஃபெலோ. அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூடவே வந்தவர் துணைவியார் மங்களா, அவரும் கணித அறிஞர். மங்களா அம்மையாரைப் பற்றித் தமிழர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. நாம் 'இருபத்தொன்று' என்று சொல்கிறோம்: பத்துகள் முதலில், ஒன்று பின்னால், எழுதும் வரிசையிலேயே. மராத்தியில் 'ஏக்வீஸ்' என்பார்கள்: ஒன்று முன்னால், இருபது பின்னால். சொல்வது ஒரு வரிசை, எழுதுவது வேறு வரிசை என்பதால் சின்னப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று கண்டு, 2019இல் மகாராஷ்டிர இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வீஸ் ஏக்' என்றும் சொல்லலாம் என்று அவர் தலைமையிலான குழு சேர்த்தது. மொழியைக் கெடுப்பதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அம்மையார் அசரவில்லை. நம் மொழியில் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் ஒரு வசதிக்காக அங்கே ஒரு முதிய கணித அறிஞர் வசை வாங்க வேண்டியிருந்தது. அவர் 2023இல் காலமானார்.

மும்பை நாட்களில்தான் நார்லிகர் கதை எழுதத் தொடங்கினார். அகமதாபாத்தில் ஒரு கருத்தரங்கில் உரை ஒன்று சலிப்பூட்ட, கையிலிருந்த தாளில் கதையை ஆரம்பித்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். மராத்தி அறிவியல் பேரவை 1974இல் நடத்திய புனைகதைப் போட்டிக்கு அதை அனுப்ப நினைத்தார். தம் பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். தம் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி 'நாராயண் விநாயக் ஜக்தாப்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று மனைவியைப் படியெடுத்துத் தரச் சொன்னார். முதல் பரிசு நாராயண் விநாயக் ஜக்தாப்புக்குத்தான் கிடைத்தது. கதையின் தலைப்பு 'கிருஷ்ண விவர்', கருந்துளை. பத்ம பூஷண் வாங்கிய மனிதர், பெயரை மறைத்துக்கொண்டு புது எழுத்தாளர்களோடு வரிசையில் நின்றிருக்கிறார். மறு ஆண்டு மராத்தி சாகித்திய சம்மேளனத்தில் தலைவர் துர்கா பாகவத் தம் உரையிலேயே அவருடைய எழுத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

அவருடைய கதைகளில் 'தூமகேது'வை நான் அடிக்கடி மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. தத்தா என்ற வங்காளி, வானத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பதில் பிரியம் கொண்டவர், ஒரு வால்விண்மீனைக் கண்டுபிடிக்கிறார். அதற்கு அவர் பெயரையே வைக்கிறார்கள். பிறகுதான் அது பூமியை நோக்கி வருகிறது என்று தெரிகிறது. அதைத் திசைதிருப்ப அறிவியலாளர்கள் ரகசியமாகக் கூடித் திட்டமிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய் வீடு திரும்பும் தத்தா, அங்கே கெட்ட சகுனம் நீங்குவதற்காகத் தம் மனைவி யாகம் நடத்துவதைப் பார்க்கிறார். நார்லிகர் அந்த அம்மாளைப் பழிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு பேருக்கு நடுவில் இத்தனை நூற்றாண்டு இடைவெளியா என்று தத்தாவைக் கவலைப்பட மட்டும் வைக்கிறார். கதை எழுதியவரின் கவலையும் அதுதான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக 'தி அட்வெஞ்சர்' படித்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். பானிபட் போரில் மராத்தியர் வென்றிருந்தால் வரலாறு என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் அந்தக் கதையும் இவருடையதே.

தத்தாவின் அந்தக் கவலைதான் நார்லிகரைச் சோதிடச் சோதனைக்கும் கொண்டு வந்தது. சோதிடத்தை எதிர்த்து மேடையில் முழங்குவது எளிது. அவர் அளந்து பார்க்க விரும்பினார். மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து 200 பிள்ளைகளின் பிறந்த நேரம், இடம் இவற்றைத் திரட்டினார். 100 பேர் படிப்பில் மிகச் சிறந்தவர்கள், 100 பேர் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். ஜாதகங்களைக் கலந்து, யாருடையது எது என்ற குறிப்பைப் புனே பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையின் பாதுகாப்பில் வைத்தார்கள். சோதனைக்கு வந்த சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்கள். எந்தப் பிள்ளை எந்த வகை என்று மட்டும் சொன்னால் போதும். 51 பேர் வாங்கிக்கொண்டார்கள், 27 பேர் பதில் அனுப்பினார்கள். அதிகபட்சமாக ஒருவர் 40க்கு 24 சரியாகச் சொன்னார். மொத்தச் சராசரி பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு சோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் பார்ப்பதாக முன்வந்தது. அது சரியாகச் சொன்னது 102. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ இதே எண்தான் வந்திருக்கும். முடிவு 2009இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. உடன் உழைத்த தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று, காலை நடைக்குச் சென்றபோது, புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பதற்கு நம் நாட்டில் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் அது குற்றம்.

இனி புனே. பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவராக இருந்த யஷ்பால் கேட்டுக்கொண்டதால், பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வானியல், வானியற்பியல் மையத்தை உருவாக்கும் பொறுப்பை நார்லிகர் ஏற்றார். அதுதான் 'ஐயூகா'. 1988இல் தொடங்கி 2003 வரை அவரே இயக்குநர். சின்ன ஊர்க் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு இயற்பியல் ஆசிரியருக்கு நல்ல நூலகம் இருக்காது, பேசிக்கொள்ள ஆள் இருக்காது. வானியல் ஆர்வம் இருந்தாலும் சில ஆண்டுகளில் அது கருகிவிடும். அப்படிப்பட்டவர்கள் விடுமுறையில் வந்து தங்கி ஆய்வு செய்து திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்பதே அந்த மையத்தின் நோக்கம். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்த வளாகத்தின் நடுமுற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரும் சிலையாக நிற்கிறார்கள். 1992 டிசம்பர் 28 அன்று அதை நாட்டுக்கு அர்ப்பணித்துப் பேசியவர் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரே வைக்கோற்போரை வெவ்வேறு ஒளியில் தீட்டியதையும் பொதுச் சார்பியலையும் இணைத்து அன்று அவர் பேசினார். வளாகத்தின் அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதில் நார்லிகர் பிடிவாதமாக இருந்தார். சனிக்கிழமைகளில் அவர்களுக்காகச் செய்முறையோடு கூடிய உரைகள் நடந்தன. மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் நினைவாகத் துணைவியார் சுனிதா வழங்கிய கொடையில், பிள்ளைகளுக்கென்றே ஓர் அறிவியல் கூடம் எழுந்தது. அதற்கு ஏழு முனிவர் விண்மீன்களில் ஒன்றான புலஸ்தியரின் பெயர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா பத்தாண்டுக்கு மேல் அங்கேதான் பிள்ளைகளோடு இருந்தார். ஓர் எழுத்தாளர் குடும்பத்தின் கொடை பிள்ளைகளின் அறிவியல் கூடமாக மாறியதை இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்னால் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. நார்லிகருக்கு 1996இல் யுனெஸ்கோ தந்த கலிங்கப் பரிசும் பிஜு பட்நாயக் வைத்த அறக்கட்டளையிலிருந்து வருவதே.

பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் கையொப்பம் கேட்டுச் சூழ்ந்துகொள்வார்கள். அவர் போட மாட்டார். "ஒரு அஞ்சலட்டையில் அறிவியல் கேள்வி ஒன்றை எழுதி எனக்கு அனுப்பு, பதிலின் அடியில் என் கையொப்பம் இருக்கும்" என்பார். சொன்னபடியே பதில் எழுதினார். மோரு மாமாவின் பலகை இப்போது திசை திரும்பிவிட்டது. சவால் விடுகிறவர்கள் பிள்ளைகள், விடை சொல்ல வேண்டியவர் ஜே.வி.என்.

இவை எல்லாவற்றையும் அவர் பெரும்பாலும் மராத்தியில் செய்தார். ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில், கதையும் கட்டுரையும் தாய்மொழியில். தாம் வாழ்ந்த காசி, கேம்பிரிட்ஜ், மும்பை, புனே ஆகிய நான்கு நகரங்களைப் பற்றி மராத்தியில் எழுதிய தன்வரலாற்றுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021இல் நாசிக்கில் நடந்த மராத்தி சாகித்திய சம்மேளனத்துக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உடல்நிலை காரணமாக அவரால் நேரில் செல்ல முடியவில்லை. ஒரு வானியலாளரைத் தன் இலக்கியத்தின் தலைமை நாற்காலிக்கு ஒரு மொழி அழைத்தது என்பதில் அவருக்கு மட்டுமல்ல, அந்த மொழிக்கும் பெருமை இருக்கிறது. தமிழில் நாம் அப்படி யாரை அழைத்திருக்கிறோம் என்று இங்குள்ள எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த நிறுவனத்தின் வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு கரும்பலகை மாட்டுங்கள். திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு கேள்வியைத் தமிழில் எழுதுங்கள். யாராவது விடை கொண்டுவரும்வரை அதை அழிக்காதீர்கள். முதல் கேள்வியை நானே தந்துவிடுகிறேன். மாறாநிலைக் கொள்கையும் பெருவெடிப்பும் வெவ்வேறு விதமாக விடை சொல்லும் கேள்வி இது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் விண்மீன்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? விடையை ஒரு அஞ்சலட்டையில் எழுதி, இந்த நிறுவனத்தின் முகவரியிட்டு என் பெயருக்கு அனுப்புங்கள். வருகிற அட்டை ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன்.